காபி 15 பைசா... அப்போ கூலி எவ்வளவு? தாத்தா, பாட்டி சொல்ற விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா!

வீட்டில் ஒரு விசேஷம். பந்தி முடிஞ்சு, பெரியவர்கள் கையில் காபி டம்ளர். "இதே காபிக்கு கடையில இருபது ரூபா வாங்குறான். எங்க காலத்துல பதினஞ்சு பைசா" என்று யாரோ ஒருத்தர் ஆரம்பிப்பார். அவ்வளவுதான். இன்னொருவர் நாலணாவுக்கு சினிமா பார்த்த கதையை எடுப்பார். எட்டணாவுக்குப் பை நிறைய காய்கறி வாங்கியது வரும், நூறு ரூபாய்க்குப் பவுன் வாங்கியது வரும். நீங்க மெதுவா போனை எடுத்து ஸ்க்ரோல் பண்ண ஆரம்பிச்சுடுவீங்க. இல்லைன்னா, "நாமளும் அந்தக் காலத்துலயே பிறந்திருக்கலாம்"னு ஒரு பெருமூச்சு.

பெரியவர்கள் பொய் சொல்லலை. அவர்களுக்கு அந்த விலைகள் நல்லாவே ஞாபகம் இருக்கு. ஆனா ஒரு விலையை மலிவு, காஸ்ட்லி என்று சொல்ல இன்னொரு நம்பரும் வேணும். அன்றைக்குக் கையில வந்த காசு எவ்வளவு? காபிப் பேச்சுல அது மட்டும் பெரும்பாலும் விட்டுப்போயிடும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஆரம்பாக்கம் மாதிரி பொருத்தமான ஊர் குறைவு. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. பக்கத்துலேயே கொல்கத்தா நெடுஞ்சாலை, கிழக்கே பழவேற்காடு ஏரி. டீக்கடை பெஞ்சில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் ஓடும். கூலி வேலைக்குப் போகிறவர், வலை போடுகிறவர், ஃபேக்டரி ஷிப்ட்டுக்குப் போகிற பையன், மூணு பேரும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். ஆனா மூணு பேருக்கும் காசு வரும் வழி வேற வேற. அதனால ஒரே விலை அவர்களுக்கு மூணு விதமாத் தெரியும்.

அணாவா, பைசாவா?

முதல்ல ஒரு சின்ன துப்பறியும் வேலை. பெரியவர் சொல்லும் விலை எந்தக் காலத்தது என்று அவர் வார்த்தையை வெச்சே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

1957 ஏப்ரல் 1-க்கு முன்னாடி ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 4 காலணா, இல்லைன்னா 12 தம்பிடி. ஆக, ஒரு ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. 1943 முதல் 1947 வரை நடுவில் ஓட்டை போட்ட காலணா கூட வந்தது. பழைய டப்பாக்களைக் கிளறினா உங்க வீட்டிலும் ஒண்ணு கிடைக்கலாம். அந்த ஏப்ரல் 1-ல் இருந்து ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாறியது. 'நயா' என்றால் புதிய. பழைய பைசாவோடு குழப்பிக்கக் கூடாது என்பதற்காக வைத்த பெயர். 1964 ஜூன் 1-ல் 'நயா'வை எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. கால் பைசாவுக்கு ஏது காசு? அதனால அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. ஓரணாவுக்கு 6 நயா பைசா, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. பட்டியல்படி ஓரணாப் பொருளை 16 தடவை தனித்தனியா வாங்கினா 96 நயா பைசா, வாங்குறவருக்கு 4 பைசா மிச்சம். கடைக்காரர் 6-க்குப் பதிலா 7 என்று வைத்தால் 112. விலையே ஏறாம விலை ஏறின கதை! பழைய காசும் புதுக்காசும் சில வருடம் சேர்ந்தே புழங்கியதால், கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு வாய்ப்பாடு தலைகீழாத் தெரிஞ்சிருக்கணும்.

ஆக, தாத்தா 'பதினஞ்சு பைசா' என்றால் அது நிச்சயமா 1957-க்குப் பிறகு. 'ஓரணா' என்றால் பெரும்பாலும் அதுக்கு முன்னாடி, அல்லது ஒட்டி. 'நாலணா', 'எட்டணா'வை மட்டும் நம்பாதீங்க. அணா செத்துப் பல வருடம் கழிச்சும் 25 பைசாவை நாலணா என்றும், 50 பைசாவை எட்டணா என்றும்தான் தமிழ்நாடு கூப்பிட்டது. அந்த நாலணாவும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாத காசாகிவிட்டது. எட்டணா சட்டப்படி இன்னும் செல்லும். கடையில கொடுத்துப் பாருங்க, கடைக்காரர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார்.

95-ஆல் பெருக்குங்க

இனி கணக்கு. பழைய விலையை இன்றைய காசுக்கு மாத்த அரசாங்கமே ஒரு கருவி வெச்சிருக்கு. தொழிலாளர் குடும்பம் ஒண்ணு மாசாமாசம் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், வாடகை, துணி, வைத்தியம் எல்லாத்தின் விலையையும் ஒண்ணு சேர்த்து, ஒரு குறிப்பிட்ட வருடத்தை 100 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கு என்று மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் கணக்கிடுகிறது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் என்று பேர். அகவிலைப்படி என்று அரசு ஊழியர் வீட்டில் அடிக்கடி கேட்டிருப்பீங்களே, அது இந்த எண்ணை வெச்சுத்தான் ஏறுது.

இந்த அடிப்படை வருடம் அப்பப்போ மாறும். 1960, 1982, 2001, 2016 என்று. பழசையும் புதுசையும் இணைக்க ஒரு எண் கொடுப்பார்கள். 1960-லிருந்து 1982-க்கு 4.93. அங்கிருந்து 2001-க்கு 4.63. அங்கிருந்து 2016-க்கு 2.88. மூணையும் பெருக்கினா ஏறக்குறைய 65.7. அதாவது 1960-ல் ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது, 2016-ல் 65 ரூபாய் 70 காசு. 2016-ஐ 100 என்று வைத்த இந்த எண் 2025 ஜூனில் 145. அதையும் பெருக்கினா, 1960-ன் ஒரு ரூபாய் இன்றைக்கு ஏறக்குறைய 95 ரூபாய்.

தாத்தாவின் 15 பைசா காபி 1960-ஐச் சேர்ந்ததுன்னு வெச்சுக்குவோம். 0.15 பெருக்கல் 95. பதினாலேகால் ரூபாய்!

2025 செப்டம்பரில் சென்னை டீக்கடைகள் பலவற்றில் டீ 15 ரூபாய், காபி 20 ரூபாய் என்று ஏற்றினார்கள். அதுக்கு முன்னாடி காபி 15 ரூபாய். ஆக, தாத்தாவின் காபியும் உங்க காபியும் கிட்டத்தட்ட ஒரே விலையில்தான் இருந்திருக்கு. 2025-லதான் கொஞ்சம் முந்திக்கிச்சு.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குறியீட்டு எண் தொழிற்பேட்டை ஊர்களின் குடும்பச் செலவை வெச்சுப் போடுவது. ஏரிக்கரை குப்பத்தின் செலவு அப்படியே இதுக்குள்ள அடங்காது. இதைத் தராசாப் பார்க்காதீங்க, கைநிதானம் மாதிரி வெச்சுக்கோங்க.

ஒரு காபிக்கு எத்தனை நிமிஷ வேலை?

இப்போ அந்த இன்னொரு நம்பர். 1956-57-ல் மத்திய அரசு இந்தியா முழுக்க விவசாயத் தொழிலாளர் விசாரணை ஒன்று நடத்தியது. அதில் ஆண்களின் சராசரி தினக்கூலி 96 நயா பைசா. பெண்களுக்கு 59. முழு நாள் வேலைக்கு ஒரு ரூபாய் கூட இல்லை.

அந்தக் கூலிக்காரர் 15 பைசா கொடுத்து ஒரு காபி குடித்தால், எட்டு மணி நேர வேலையில் 75 நிமிஷக் கூலி அதுக்கே போயிடும். பெண்ணாக இருந்தால் ரெண்டு மணி நேரம். மறுபடியும் படிச்சுப் பாருங்க. ரெண்டு மணி நேரம் நாற்று நட்டால் ஒரு டம்ளர் காபி.

இன்றைக்கு? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. காபி 20 ரூபாய் என்றே வைத்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிஞ்சுடும். அதே நூறு நாள் வேலை தமிழ்நாட்டில் 2006-ல் தொடங்கியபோது கூலி 80 ரூபாய். இடையில் கூலி நாலு மடங்குக்கு மேல் ஏறியிருக்கு. விலைவாசி அதே காலத்தில் மூன்றரை மடங்கை ஒட்டி ஏறியிருக்கு. வித்தியாசம் சின்னதுதான், ஆனா கூலிக்காரர் பக்கம் இருக்கு. அறிவித்த கூலி முழுசா, நேரத்துக்குக் கைக்கு வருதா என்பது தனி சண்டை.

அப்போ அந்தக் காலத்துல காபி குடிச்சது யாரு? மாசச் சம்பளக்காரர்களும், நிலம் வைத்திருந்த வீடுகளும். வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகம் கிடைத்தால் படிங்க. தமிழ் மத்தியதர வர்க்கம் காபியை எப்படித் தன் அடையாளமாக்கிக் கொண்டது, டீ எப்படி உழைப்பாளிகள் பக்கம் ஒதுங்கியது என்று சுவாரஸ்யமா இருக்கும். குப்பங்களில் காலையில் வயிற்றை நிரப்பியது பழைய சோறும் நீராகாரமும். காபித்தூள் வந்தாலும் அது விருந்தாளிக்கு. "எங்க காலத்துல காபி 15 பைசா" என்று சொல்பவர், அந்தக் காபியை வாங்க முடிந்த வீட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம். வாங்க முடியாத வீட்டுக்காரருக்கு அந்த விலை ஞாபகம் இருக்கணும்னு அவசியம் இல்லையே!

ஆனா எல்லாக் கணக்கிலும் பெரியவர்கள் தோற்க மாட்டார்கள். பவுனை எடுத்துக்கோங்க. 1960-ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு பவுன் நூறு ரூபாய்க்குள். 95-ஆல் பெருக்கினா ஒன்பதாயிரத்து ஐந்நூறு. ஆனா 2024 மார்ச்சிலேயே சென்னையில் பவுன் 50,000-ஐத் தாண்டிவிட்டது, அதுக்கு அப்புறமும் நிற்கவில்லை. கூலிக் கணக்கிலும் அப்படித்தான். அன்றைக்கு ஏறக்குறைய நூறு நாள் கூலி. 50,000-ஐ 2024-25 கூலியான 319-ஆல் வகுத்தால் 157 நாள். பாட்டி பவுனைப் பற்றிப் புலம்பினா மட்டும் தலையாட்டிடுங்க, அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி.

மீன் ஏன் அவ்வளவு மலிவா இருந்தது?

ஏரிக்கரைக்கு வந்தால் கணக்கே வேற. இங்கே பெரியவர்கள் சொல்லும் 'மலிவு' காபியையோ சினிமாவையோ பற்றியதா இருக்காது. கொடுவாவும் மடவையும் இறாலும் பச்சை நண்டும் 'சும்மா கிடந்த' காலத்தைப் பற்றியதா இருக்கும். நகரத்துல இருந்து கேட்கிற உங்களுக்கு அது சொர்க்கம் மாதிரி தோணும். விற்கிற இடத்தில் நின்று யோசிச்சுப் பாருங்க. மீன் மலிவு என்றால் மீனவர் வருமானம் குறைவு என்று அர்த்தம்.

ஏன் மலிவு? ஐஸ் இல்லை. பிடித்த மீன் மதியத்துக்குள் விற்றாகணும், இல்லைன்னா கருவாடாக்கணும். ரோடு மோசம், லாரி அபூர்வம். பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து உள்ளூர் விவசாய கிராமங்களுக்கு நடந்தே போவார்கள். பாதி நேரம் காசு கூட வராது, நெல்லுக்கு மாற்றிக்கொண்டு திரும்பணும். வெயில் ஏற ஏற மீன் கெட ஆரம்பிக்கும், விலை இறங்கும். அது வாங்குறவருக்கும் தெரியும். பேரத்தில் யார் கை ஓங்கும்? எடையும் கிடையாது, 'கூறு'தான். ஒரு குவியல் இவ்வளவு. அந்தக் கூறு சாயங்காலத்தில் பெருசாகும், காலையில் சின்னதாகும்.

அப்புறம் மூணு விஷயம் வந்தது. ஐஸ், நல்ல ரோடு, ஏற்றுமதி. இறாலை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் 1950-களில் கேரளத்தில் தொடங்கியது. 1972-ல் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. இந்தியக் கடற்கரை முழுக்க இறால் விலை எகிறியது. பழவேற்காடு ஏரியின் இறாலுக்கும் வியாபாரிகள் கரைக்கே வந்தார்கள். நண்டை உயிரோட கட்டி, சென்னை விமான நிலையம் வழியா சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். தெர்மாகோல் பெட்டி வந்த பிறகு மீனுக்கு நேரம் கிடைச்சுது. நேரம் கிடைச்சதும் விலையும் கிடைச்சுது.

இதில் லாபமும் உண்டு, இழப்பும் உண்டு. விலை இல்லாத காலத்தில் பெரிய நண்டு பிடித்தவர் வீட்டுச் சட்டியில்தான் போடுவார். பக்கத்து வீட்டுக்கு ஒரு கூறு போகும். வலை இழுக்கக் கை கொடுத்தவருக்கு ஒரு கூறு, வேலைக்குப் போக முடியாத வயசானவருக்கு ஒரு கூறு. இதெல்லாம் தர்மம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, அது வழக்கம். அதே நண்டுக்கு வெளிநாட்டு விலை வந்ததும், நல்லதை எல்லாம் பெட்டிக்கு அனுப்பிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது புது வழக்கமாச்சு. பிடிக்கிறவர் வீட்டிலேயே நண்டு அபூர்வமாகிப் போறது இப்படித்தான். விலைவாசிப் புள்ளிவிவரம் எதிலும் இந்த இழப்பு வராது, ஏன்னா முதல்ல அதுக்கு விலையே இல்லையே!

ஏரிக்கு இன்னொரு பழைய ஏற்பாடும் உண்டு, பேர் 'பாடு'. பழவேற்காட்டுப் பக்கம் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூணு தலைக்கிராமங்களை வெச்சு இதைச் சொல்வார்கள். ஏரியில் இறால் நல்லாக் கிடைக்கும் இடங்கள் சில மட்டும்தான். எல்லாரும் ஒரே இடத்தில் வலை கட்டினா சண்டைதான் வரும். அதனால இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். இன்றைக்கு உங்களுக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு. ஒரு நாள் கூலி என்ன என்று பாட்டுக்காரரிடம் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. முறை வந்த நாளில் வலை நிறையும், வராத நாளில் டீக்கடை நோட்டில் கடன் ஏறும். அவருக்கு வருமானத்தின் கணக்கு மாசமும் இல்லை, நாளும் இல்லை. முறையும் பருவமும்தான்.

பருவம் என்றால், ஏரியின் உப்பு. வடகிழக்கு மழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டு வரும். கோடையில் தண்ணி வற்றி உப்பு ஏறும். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் திறந்திருந்தால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும். மணல் அடைச்சுக்கிட்டா வராது. நகரத்தில் இருப்பவர் தக்காளி விலையைப் பார்த்து 'இந்த மாசம் டைட்' என்பார். ஏரிக்கரையில் முகத்துவாரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ரெண்டு ரூபாய் அரிசி

அரிசி விலையைக் கேளுங்க, அரசியல் தானா வரும். 1967 தேர்தலில் தி.மு.க. கொடுத்த 'ரூபாய்க்கு மூணு படி' வாக்குறுதி இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் நிற்கிறது. ஆட்சிக்கு வந்த அண்ணா, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கினார். மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அப்போது சொல்லப்பட்டது.

ஆரம்பாக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு எக்ஸ்ட்ரா அத்தியாயம் உண்டு. 1983-ல் என்.டி.ராமாராவ் முதல்வரானதும் ஆந்திராவில் கிலோ ரெண்டு ரூபாய் அரிசி வந்தது. ஒரு ஸ்டேஷன் தள்ளி, தடாவில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ஒரு விலை, இங்கே வேற விலை. தமிழ்நாட்டு ரேஷனில் 2006-ல் கிலோ ரெண்டு ரூபாய். 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து இலவசம். நூறு நாள் வேலைக்காரர் ஒருவரின் கூலியில் அரிசிக்கு முன்பு எவ்வளவு போச்சு, இப்போ எவ்வளவு போகுது என்று பார்த்தால், அவரிடம் டீக்கும் போன் ரீசார்ஜுக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று புரியும். 'இலவசம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க' என்று காபி குடிச்சுக்கிட்டே சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் காட்டுங்க.

விலை ஏறாமல் அளவு குறைவது இன்னொரு வகை. பார்லே-ஜி பிஸ்கட் பாக்கெட் 1990-களில் 4 ரூபாய்க்கு 100 கிராம். பல வருடம் அதே 4 ரூபாய், பாக்கெட் மட்டும் இளைச்சுக்கிட்டே வந்தது. பிறகு ஒரு கட்டத்தில் 5 ரூபாய்க்கு சுமார் 55 கிராம் என்று ஆனது. டீயில் முக்குறதுக்குள்ள தீர்ந்துடுதுன்னு புலம்புவதில் தப்பில்லை. ஆனா நூறு கிராமுக்கு என்று பார்த்தால் 4 ரூபாய் 9 ரூபாய் ஆகியிருக்கு, அவ்வளவுதான்.

உங்க கதையும் இப்படித்தான் ஆகும்

இப்போ உங்க கையில இருக்கிற போனுக்கு வருவோம். 1995-ல் இந்தியாவில் மொபைல் வந்தபோது ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். அடிச்சாலும் காசு, எடுத்தாலும் காசு. இன்கமிங் இலவசமானது 2003-ல். மிஸ்டு கால் அப்போ ஒரு மொழி மாதிரி. ஒரு ரிங் என்றால் 'வந்து சேர்ந்துட்டேன்', ரெண்டு ரிங் என்றால் 'திருப்பிக் கூப்பிடு'. ஒரு ஜிபி டேட்டாவுக்கு 2014-ல் சராசரியா 269 ரூபாய். 2018-ல் அது 12 ரூபாய்க்கும் கீழே. நூறு நாள் வேலையின் ஒன்றரை நாள் கூலியா இருந்தது ஒரு கட்டிங் டீ விலைக்கு வந்துடுச்சு. உங்க பிள்ளைகளிடம் நீங்க சொல்லப்போகிற கதை தலைகீழா இருக்கும். "எங்க காலத்துல ஒரு ஜிபி 250 ரூபா, அதை ஒரு மாசம் வெச்சு ஓட்டினோம்!"

டீக்கடைப் பழக்கமும் மாறிடுச்சு. ஒரு டீயை ரெண்டு கிளாஸில் பிரித்து வாங்குவது சிக்கனம் மட்டும் இல்லை, பேச்சுத்துணைக்கான டிக்கெட். சில்லறை இல்லைன்னு கடைக்காரர் மிட்டாய் நீட்டுவார். கல்லாப்பெட்டி பக்கத்துல நீளமான கணக்கு நோட்டு, கம்பியில் தொங்கும் பேனா. 'எழுதிக்கோ அண்ணே' என்றால் போதும். பாடு முறை வந்ததும், மீன் காசு கிடைச்சதும் கணக்கு தீரும். இப்போ கியூஆர் கோடு. காசு விழுந்ததும் பெட்டி சத்தமா அறிவிக்குது. சில்லறைத் தகராறு இல்லை, மிட்டாயும் இல்லை. ஆனா அக்கவுன்ட்டில் காசு இல்லாத வாரத்தில் கியூஆர் கோடு உங்களுக்குக் கடன் சொல்லாது. நோட்டு சொல்லும். வலை காலியா வந்த நாளில் ஒரு குடும்பத்துக்கு அந்த நோட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்குகிற நமக்குச் சட்டுன்னு புரியாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், எல்லை தாண்டி 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டியும் வந்த பிறகு, ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கும் மாசச் சம்பளம் பழகிவிட்டது. ஒண்ணாம் தேதி கிரெடிட் மெசேஜ் வருது. அதே நேரம், வீட்டுக்குக் குடிக்கும் தண்ணிக்கு கேன், மீன் கடையில் நண்டுக்கு விலை, இடத்துக்கு சென்ட் கணக்கில் விலை. அப்பாவுக்கு விலையில்லாமல் கிடைத்ததை மகன் காசு கொடுத்து வாங்குகிறார். அப்பாவுக்கு எட்டாத காபி, பைக், போன் எல்லாம் மகனுக்கு எட்டுது. யார் வசதி என்று ஒரே வரியில் சொல்ல முடியலை இல்லையா? எனக்கும் முடியலை. ஆனா அந்த 96 பைசாக் கூலியையும் 59 பைசாக் கூலியையும் பார்த்த பிறகு, 'அந்தக் காலம் பொற்காலம்' என்று மட்டும் என்னால் எழுத முடியாது.

அடுத்த விசேஷத்தில் காபி டம்ளரோட பேச்சு ஆரம்பிக்கும்போது போனில் ஸ்க்ரோல் பண்ணாதீங்க, கால்குலேட்டரைத் திறங்க. 1960-ஐ ஒட்டிய விலை என்றால் 95-ஆல் பெருக்குங்க. 1982 என்றால் 19. 2001 என்றால் நாலேகால். அப்புறம் ரெண்டே கேள்வி கேளுங்க. "அப்போ உங்களுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு?" "மாசத்துல எத்தனை நாள் வேலை இருந்துச்சு?" ரெண்டாவது கேள்விக்கு நிறைய பேர் உடனே பதில் சொல்ல மாட்டாங்க. அவசரப்படுத்தாதீங்க, இன்னொரு காபி போட்டுக் கொண்டு வந்து வைங்க.